நம் மண்ணில் உலகம் கற்ற பாடம்: காசநோயும் கூட்டு முயற்சியும்





நமது ஆண்டு மலரின் வரலாற்றுப் பக்கத்தில் பக்தாதைப் பற்றியும் குர்துபாவைப் பற்றியும் படித்துப் பழகியவர்கள் நாம். இவ்வாண்டு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் செவ்வாய்ப்பேட்டை சாலை, புட்லூர், அடுத்து திருவள்ளூர். அந்தத் திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்த ஒரு வரலாற்றையே இங்கு எழுத முனைகிறேன்.

உலகெங்கும் காசநோய் குறித்துப் படிக்கும் மருத்துவர்கள் 'செங்கல்பட்டு ஆய்வு' என்ற பெயரைப் படிக்காமல் கடந்து செல்வதில்லை. பெயரைக் கேட்டதும் அது பாலாற்றங்கரையில் நடந்தது என்றே நாம் எண்ணுவோம். அன்று நமது திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தனி மாவட்டமானது 1997-இல்தான். ஆதலால் நம் ஊர்கள் தந்த அறிவு மற்றோர் ஊரின் பெயரால் வழங்கி வருகிறது. அதனைத் தந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நம்மில் பலர் அதனை அறியாமலே இருக்கின்றோம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு ஜனாஸா. சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்தவர், காசநோயால் காலமானார். முதல் இரண்டு மாதம் மாத்திரை உட்கொண்டார். இருமல் நின்றது, உடம்பு தேறியது, மாத்திரையை விட்டுவிட்டார். விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம். செய்தி வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்ற அச்சம் மறுபுறம். குடும்பத்தார் மறைத்தார்கள். நோய் திரும்பி வந்தது. இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது

ஒரு காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு என்பதே பொருள். அதற்கென ஊருக்கு வெளியே மருத்துவ இல்லங்கள் அமைந்தன. தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து அவர்கள் 1928-இல் தொடங்கிய இல்லம் அத்தகையது. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-இல் ஐசோனியாசிட் என்னும் விலை மலிந்த மாத்திரையும் வந்தது. ஆயினும் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துப் படுக்கையில் சேர்த்தே மருந்து தரவேண்டும் என்ற கொள்கை மாறவில்லை. நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகள் அதில் ஒரு சிறு பகுதிக்கும் போதா. படுக்கை கிடைக்காதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு எவரிடமும் விடையில்லை.

1956-இல் நான்கு அமைப்புகள் சென்னையில் ஒன்று கூடின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை அவை. சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் பிறந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று நாம் அறியும் நிறுவனம் அதுவே.

இந்த நால்வரின் நிலையைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். பிரிட்டனின் கவுன்சிலிடம் ஒரு மருந்து பலிக்கிறதா என்று பாரபட்சமின்றிச் சோதிக்கும் முறை இருந்தது. 1948-இலேயே ஸ்ட்ரெப்டோமைசினை அவ்வாறு சோதித்துக் காட்டியவர்கள் அவர்கள். ஆனால் ஒரே அறையில் ஒரு குடும்பமே உறங்கும் வறுமை நிலையில் என்ன நிகழும் என்பதை லண்டனில் இருந்து அறிய இயலாது. சென்னை அரசிடம் நோயாளிகள் இருந்தனர், மருத்துவமனைகள் இருந்தன. ஆனால் சோதிக்கும் முறையில் பழக்கமில்லை. தனித்து நின்றிருந்தால் எவரும் அக்கேள்விக்கு விடை கண்டிருக்க முடியாது.

சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு மருத்துவ இல்லத்தில் தங்கினர். மற்றவர்கள் தம் குடிசைகளிலேயே இருந்து அதே மருந்தை உட்கொண்டனர். இல்லத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோருக்கு இரண்டும் குறைவு. 1959-இல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர்! வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த உறவினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் புலனாயிற்று.

இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது. பணக்கார நாடுகளிலும் மருத்துவ இல்லங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. கற்பிக்க வந்தவர்களும் சென்னையின் குடிசைகளிடம் கற்றுச் சென்றார்கள் என்பதே இதன் பொருள்.

கூட்டு காட்டிய இரண்டாவது உண்மை

வீட்டில் மருந்து கொடுத்தால் போதும் என்று தெரிந்த அதே ஆய்வாளர்கள், அத்தோடு மகிழ்ந்து நின்றுவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிஞ்சிய மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே சென்றதா என்று பார்த்தார்கள். பலர் வாங்கிச் சென்ற மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. உடம்பு தேறியதும் மனிதன் மருந்தை மறக்கிறான். இது படித்தவன், பாமரன் என்று பார்ப்பதில்லை. எனவே வாரம் இருமுறை நோயாளியை வரவழைத்து, ஊழியரின் கண்முன் மருந்து கொடுக்கும் முறையைச் சென்னை மையம் சோதித்துப் பார்த்தது. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்று உலகம் அழைத்த கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

பெங்களூரில் 1959-இல் தொடங்கப்பட்ட தேசிய காசநோய் நிறுவனம் மற்றொரு கேள்வியைக் கையிலெடுத்தது. அங்கு மருத்துவர்களோடு சமூகவியலாளரும் பணியாற்றினர். கிராமத்து மக்கள் அறியாமையால் மருத்துவரிடம் வருவதில்லை என்பதுதான் அதுவரை எல்லோரும் சொல்லிவந்த குறை. பானர்ஜியும் ஆண்டர்சனும் துமகூரு மாவட்டத்தில் ஆராய்ந்து 1963-இல் வெளியிட்ட முடிவு அக்குறையை மறுபக்கம் திருப்பிவிட்டது. காசநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தமக்கு ஏதோ நோய் என்பதை அறிந்தே இருந்தனர். பாதிப் பேர் மருத்துவ நிலையத்திற்குச் சென்றும் இருந்தனர். அங்கே அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து! சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

ஜமாஅத் பெருமக்களே, இதனைப் படித்த அன்று என்னால் மேற்கொண்டு வாசிக்க இயலவில்லை. மேலே சொன்ன வாலிபர் இரண்டாம் முறை இருமத் தொடங்கியபோது ஒரு நாள் அஸருக்குப் பின் என்னிடம் வந்தார். தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். துஆ செய்தேன். அவையெல்லாம் செய்ய வேண்டியவையே. ஆனால், "எத்தனை நாளாக இருமல்? சளி பரிசோதித்தீர்களா?" என்ற இரு கேள்விகளை நான் கேட்கவில்லை. நானும் ஒரு புட்டி இருமல் மருந்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியவன்தான். அவர் வரவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை, வந்தார்.

நம் ஊர்களில் நடந்த பெரும் சோதனை

இனி திருவள்ளூருக்கு வருவோம். பி.சி.ஜி. தடுப்பூசியை நாமெல்லோரும் அறிவோம். பலருடைய தோளில் அதன் தழும்பு இருக்கிறது. 1948-இல் கிண்டியில் அதற்கென ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. 1955-இல் ராஜாஜி அவர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதிய வரலாறும் உண்டு.

அந்த ஊசி எவ்வளவு காக்கும்? இதில் இரு பெரும் நாடுகள் முரண்பட்டன. பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் மிக நல்ல பலன் கிடைத்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை தன் நாட்டில் நடத்திய ஆய்வுகளில் பலன் சொற்பமே. இருவரும் நாணயமானவர்கள், இருவரிடமும் கணக்கு இருந்தது. வாதத்தால் தீராத இவ்வழக்கை ஒரு பொதுச் சோதனையால் தீர்ப்பதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கைகோத்தன. அதற்குத் தேர்ந்தெடுத்த களம் நமது வட்டாரம்.

1968-இல் பணி தொடங்கியது. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு வீரியமான பி.சி.ஜி., சிலருக்கு வீரியம் குறைந்தது, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போன்ற முறை தீர்மானித்தது. மருந்துக் குப்பியில் குறியீடு மட்டுமே இருந்தது. போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அதன் பின் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்று எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கிப் பரிசோதித்தார்கள். இவ்வாறு பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தார்கள்.

ஏன் இந்த மறைப்பு என்று கேட்கலாம். கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. எதிர்பார்ப்பு உள்ளவர் கண்ணுக்கு எதிர்பார்த்ததே தெரியும். குறியீட்டை மூடி வைத்தால் எவர் விருப்பமும் கணக்கில் நுழையாது. முடிவு எப்படி இருந்தாலும் ஏற்போம் என்று முடிவு தெரியுமுன்பே கையெழுத்திடுவது போன்றது அது.

1979-இல் முதல் ஏழரை ஆண்டுகளின் கணக்கு வெளியானது. நுரையீரல் காசநோயை அந்த ஊசி இங்கே தடுக்கவில்லை! பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-இல் அச்சேறியது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு ஏதுமில்லை. குழந்தைகளிடம் 27 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல இயலாத அளவு. கோடிக்கணக்கானோருக்குப் போட்டுவிட்ட ஒரு மருந்தைப் பற்றி, அதைப் போட்ட அமைப்புகளே முன்னின்று உலகிற்கு அறிவித்த செய்தி இது. அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும். தனித்து நடத்தும் ஒரு நிறுவனத்திற்கு, உவக்காத முடிவை மேசைக்குள் வைத்துப் பூட்டும் சபலம் வரலாம். மூவர் அமர்ந்த மேசையில் அதற்கு இடமில்லை.

இங்கே ஒரு விளக்கம் கட்டாயம் தேவை. இதனைப் படித்துவிட்டுப் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. முடிவு வெளியான பின் 1980-இல் வல்லுநர் குழு கூடி ஆராய்ந்தது. குழந்தைகளுக்கு ஊசி தொடரவேண்டும் என்றே பரிந்துரைத்தது. பச்சிளம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் கொடிய வகையிலிருந்தும் அது காக்கிறது. நம் ஊர்களில் கற்ற பாடம், ஊசி பயனற்றது என்பதல்ல. பெரியவர்களின் நோயை ஊசியால் ஒழிக்கலாம் என்று காத்திராமல், நோயாளியைக் கண்டறிந்து முழுச் சிகிச்சை தரவேண்டும் என்பதே.

வந்தவரும் தேடிப் பிடித்தவரும்

அந்தப் பாடத்தை நடைமுறைப்படுத்தும் சோதனையும் நம் மாவட்டத்திலேயே நடந்தது. 1999 முதல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில், ஏறத்தாழ 5,80,000 மக்களிடையே, மாநில அரசும் சென்னை ஆராய்ச்சி மையமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து டாட்ஸ் முறையின் பலனை அளந்தன. 1999-க்கும் 2006-க்கும் இடையே மூன்று முறை மக்களைக் கணக்கெடுத்ததில் நோயாளிகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சியான செய்தி! ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் அந்த இறக்கம் தொடரவில்லை, சற்று ஏறியிருந்தது. அதனையும் அவர்கள் வெளியிட்டார்கள்.

2000-ஆம் ஆண்டின் நோயாளிகளை ஆராய்ந்தபோது, சிகிச்சையை நடுவில் விட்டவர்கள் யார் என்று பார்த்தார்கள். ஆண்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், முன்பு ஒருமுறை சிகிச்சை பெற்றவர்கள் அதிகம். அவர்களோடு இன்னொரு கூட்டமும் இருந்தது. வீடு வீடாகச் சென்று தேடிப் பிடிக்கப்பட்ட நோயாளிகள், தாமாகவே மருத்துவமனைக்கு வந்தவர்களைவிட அதிகமாகச் சிகிச்சையைக் கைவிட்டிருந்தனர்.

இதில் நமக்கு ஆழ்ந்த பாடம் உண்டு. அரசு ஊழியர் நோயைக் கண்டுபிடிக்கலாம். மருந்தையும் கையில் தரலாம். ஆறு மாதம் அதனை விழுங்கும் மனவுறுதியை அவரால் தனித்துத் தர முடிவதில்லை. அதற்குப் பழகிய முகம் வேண்டும், நம்பிக்கை வேண்டும். மருத்துவ நிறுவனங்களின் கூட்டில் காலியாக இருந்த ஆசனம் அது. நாம் போய் அமரவேண்டிய ஆசனம்.

அண்மைக் காலம்

கூட்டாகக் கற்பது நின்றுவிடவில்லை. மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே பலர் இறப்பது ஏன் என்ற கேள்வியோடு 2022-இல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. மாநிலக் காசநோய்த் துறையும் சென்னையிலுள்ள தேசிய நிறுவனங்களும் இணைந்து நடத்துவது. நோயாளி மிக மெலிந்திருக்கிறாரா, மூச்சுத் திணறுகிறதா, துணையின்றி நிற்க முடிகிறதா என்று ஊழியர் முதல் நாட்களிலேயே பார்க்கிறார். ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீட்டுச் சிகிச்சை போதும் என்று உலகிற்குச் சொன்ன அதே நகரம், யாருக்கு அது போதாது என்பதையும் கற்றுக்கொண்டது.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு முதலியன கொடுத்து வந்தால் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. உணவுப் பை கொடுப்பதில் நமது ஜமாஅத்திற்கு அனுபவம் இல்லையா? ஒவ்வொரு ரமளானிலும் கொடுத்து வருகிறோமே!

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நான் பெற்ற கருத்து ஒன்றே. ஓர் அமைப்பு பிறரோடு சேர்வது தன் பலத்தைப் பெருக்குவதற்கு மட்டுமன்று. தன் தவறைப் பிறர் கண்ணால் காண்பதற்கும்தான். நான்கு அமைப்புகள் சேர்ந்ததால் படுக்கைச் சிகிச்சை என்னும் நம்பிக்கை தகர்ந்தது. மூன்று அமைப்புகள் சேர்ந்ததால் ஊசியின் எல்லை தெரிந்தது. சமூகவியலாளர் உடன் வந்ததால் குறை மக்களிடம் அன்று, மருத்துவ நிலையத்திடம் என்று விளங்கியது. மஷூரா என்று நாம் போற்றும் கலந்தாலோசனையின் பயனும் இதுதான். நம்மைப் போலவே எண்ணுபவரோடு மட்டும் ஆலோசித்தால் நாம் முன்பே அறிந்ததையே திரும்பக் கேட்போம்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதனை மாதம் ஒரு ஜும்ஆவில் அறிவிக்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

இரண்டு: 2022 முதல் 'நிக்ஷய் மித்ரா' என்னும் ஏற்பாட்டில் அமைப்புகள் காசநோயாளிகளுக்குச் சத்துணவு வழங்கும் வாய்ப்பு உள்ளது. அரசு தரும் மாத உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அதனோடு நமது உணவுப் பையும், திருவள்ளூர் மாவட்டக் காசநோய் அலுவலகத்தின் வழியாக, சாதி மதம் பாராமல் சேரட்டும்.

மூன்று: யாருக்கு நோய் என்ற செய்தி அமானிதம். பெயர் பள்ளிவாசல் திண்ணைக்கு வரக்கூடாது. மறைக்கும் குடும்பத்தைக் குறை சொல்லுமுன், அவர்கள் அஞ்சியது நம் நாவைத்தான் என்பதை நினைவில் கொள்வோம்.

நான்கு: மூன்று மாதத்திற்கு ஒருமுறை நம் குழுவிலிருந்து இருவர் சுகாதார நிலைய ஊழியரைச் சந்தித்து, "நாங்கள் செய்ததில் எது பயன்படவில்லை?" என்று கேட்க வேண்டும். கோயில் நிர்வாகத்தாரும் தேவாலயத்தாரும் தொழிற்சங்கத்தாரும் உடன் வந்தால் இன்னும் நன்று. கிடைக்கும் பதிலை, அது நமக்குக் கசந்தாலும், அடுத்த ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும்.

அரை நூற்றாண்டுக்கு முன் நம் ஊர் மக்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். வரிசையில் நின்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். அவர்களால் உலகம் கற்றது. அந்த வாலிபரின் கப்ரைக் கடக்கும்போதெல்லாம், உலகம் கற்றதை நாம் கற்கவில்லையே என்ற எண்ணம் என்னை வாட்டுகிறது. இனியேனும் இருமலோடு வருபவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

வல்ல அல்லாஹ் அவருடைய பிழைகளை மன்னித்து, நம் அனைவருக்கும் உடல்நலத்தையும், தவற்றைத் திருத்திக்கொள்ளும் பணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.